எந்தக் கிணற்றைக் கேட்பது

கிட்டே வாங்க. இன்னும் கொஞ்சம் கிட்டே. அந்தக் கடைசியில் சாய்ந்திருக்கிறவர்களும் நகர்ந்து வாங்க. இது சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை.

கடலோரத்தில் ஒரு பகுதி. அங்கே எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். ஆனால் குடிக்கிற தண்ணீரா, உப்புத் தண்ணீரா என்பது தோண்டி முடித்த பிறகுதான் தெரியும். ஒரு வீட்டில் இளநீர் மாதிரி ஊறும். நாலு வீடு தள்ளி வெட்டினால் வாயில் வைக்க முடியாது.

அந்தப் பக்கத்தில் உலகம்மை என்று ஒருத்தி இருந்தாள். கிணறு வெட்டப் போகிறவர்கள் அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அவள் கையில் நீரோட்டம் பார்க்கிற வேப்பங்குச்சி கிடையாது. உள்ளங்கையில் தேங்காயை நிறுத்துகிற வித்தையும் கிடையாது. வருவாள், வெட்டப் போகிற இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு அந்த இடத்தை விட்டுவிட்டு அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்குப் போவாள். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள். திரும்பி வந்து "வெட்டுங்க" என்பாள். இல்லையென்றால் "வேண்டாம்" என்பாள்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். எல்லாக் கிணற்றிலும் அவள் குடிப்பதில்லை, அதுதான் அதிசயம். கைக்கு எட்டுகிற கிணற்றைத் திரும்பிக்கூடப் பாராமல் தாண்டிப் போவாள். எங்கோ கிடக்கிற பாழுங்கிணற்றைத் தேடி வெயிலில் நடப்பாள். ஏன் என்று கேட்டால் சிரிப்பாள். சொல்லமாட்டாள்.

அவளிடம் ஒரு நாள் பலவேசம் வந்தார். உப்பளத்தில் வேலை செய்கிறவர். மீசை நரைத்துவிட்டது. அவளைவிட நிறைய வயது மூத்தவர். வந்தவர் உட்காரவில்லை.

"தாயி, எனக்கு இந்த வித்தையைச் சொல்லிக் குடுங்க."

"என்ன அண்ணாச்சி, இந்த வயசுலயா?"

"என் வாசல்ல ஒரு கிணறு வெட்டணும்."

"அதுக்கு வித்தை எதுக்கு? நான் வந்து பாத்துச் சொல்லிட்டுப் போறேன்."

பலவேசம் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க பாத்து வேண்டாம்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சு போயிரும் தாயி."

"நீங்களே பாத்தா?"

"பாத்துக்கிட்டே இருப்பேன்லா."

உலகம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"உட்காருங்க. என்ன விசயம்னு முழுசாச் சொல்லுங்க."

அவர் சொன்னார். அவர் மனைவி பெயர் சந்தனமாரி. சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் குடிக்கிற தண்ணீர் மணல்மேட்டுக்கு மேலே இருக்கிற பனையடிக் கிணற்றில்தான். போகும்போது ஏற்றம், திரும்பும்போது குடத்தோடு இறக்கம். கணுக்கால் வரைக்கும் மணல் உள்ளே இழுக்கும். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். கட்டிக்கொண்டு வந்த நாள் முதலாக சந்தனமாரி அப்படித்தான் சுமந்தாள்.

"ஒரு நாள் வாசல் வரைக்கும் வந்துட்டா தாயி. வந்து ரெண்டு குடத்தையும் கவுத்துவிட்டுட்டா. மண்ணுல ஊத்திட்டா. கைதவறிக் கொட்டல, ஊத்துனா. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அப்புறம் அவ ஊர்ல கோயில் கொடை விழான்னு அண்ணன் வீட்டுக்குப் போனா. கொடை முடிஞ்சுது. பந்தலையும் பிரிச்சாச்சு. வரல."

"நீங்க ஒரு குடம் எடுத்திருக்கலாமே, அண்ணாச்சி?"

"ஆம்பிளை குடம் சுமந்தா ஊரு சிரிக்கும்லா?"

"இப்ப யாரு எடுக்கா?"

"நான்தான்."

"ஊரு சிரிக்கா?"

"சிரிக்கு."

உலகம்மை கீரையை மறுபடி கையில் எடுத்தாள்.

"வாசல்ல நல்ல தண்ணி ஊறட்டும், அன்னைக்கு வாரேன்னு சொல்லிட்டா" என்றார் பலவேசம். "அளத்துல வேலை ஓயும்போது, மழைக்கு முந்தி, கூட வேலை செய்ற ஆளுக வந்து வெட்டித் தாரோம்னு சொல்லியிருக்காவ. ஒரு தடவைதான். உப்புத் தண்ணி வந்துட்டுன்னு ரெண்டாந்தடவை எவனும் எனக்காக மம்பட்டி எடுக்கமாட்டான். அதுக்குள்ள எனக்குத் தெரியணும் தாயி. என் வாசலுக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியணும்."

"சரி. வாங்க, கத்துக்கிடுங்க" என்றாள் உலகம்மை.

பலவேசம் அன்றைக்கே முதல் கேள்வியைக் கேட்டார்.

"எத்தனை கிணத்தைக் கேக்கணும் தாயி?"

உலகம்மை வேறு ஒன்றைக் கேட்டாள்.

"உங்களுக்குப் பொண்ணு குடுக்கும்போது சந்தனமாரி வீட்டுல உங்களைப் பத்தி விசாரிச்சிருப்பாவளே?"

"விசாரிக்காம குடுப்பாவளா? அவ அப்பா அப்ப இருந்தாவ. நாலு பேருகிட்ட விசாரிச்சாவ."

"யாரு யாரு?"

"எங்க தாய்மாமா."

"ம்."

"அவரு மவன்."

"ம்."

"அவரு மருமவன்."

"நாலாவது?"

"மாமா வீட்டு மாட்டைப் பாத்துக்கிட்ட ஆளு."

"என்ன சொன்னாவளாம்?"

"நல்ல பையன், கஞ்சிக்குக் குறையில்லன்னு சொன்னாவ."

"ஊருத் தண்ணியைப் பத்திக் கேட்டாவளா?"

பலவேசம் துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்க்கவில்லை, சும்மாதான் துடைத்தார்.

"கேட்டாவ."

"என்ன பதில்?"

"தேங்காத் தண்ணி தோத்துரும்னு."

"நாலு பேருமா?"

"நாலு பேரும். ஒரே வார்த்தை."

உலகம்மை கீரைக்காம்பை எட்டி எறிந்தாள்.

"அப்ப அவ அப்பா ஒரு ஆளுகிட்டதான் விசாரிச்சிருக்காவ" என்றாள்.



வேலை இல்லாத நாளாகப் பார்த்து பலவேசம் கிளம்பினார். தன் வாசலை நடுவே வைத்துக்கொண்டு, சுற்றிலும் உள்ள ஊர்களுக்கெல்லாம் போனார். ஒரே தெருவில் நாலு வீடு கேட்கக்கூடாது என்று புத்தியாகத்தான் போனார். வடக்கே ஒரு வீடு, தெற்கே ஒரு வீடு, கிழக்கே கடலைப் பார்த்த ஒரு வீடு, மேற்கே இரண்டு வீடு. கிணறு இருக்கிற வீடாகப் பார்த்து, வாசலில் நின்று, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்று கேட்டார். தெரிந்தவர்கள் உட்காரவைத்துக் கொடுத்தார்கள். தெரியாதவர்களும் செம்பைக் கழுவித்தான் கொடுத்தார்கள்.

எல்லா வீட்டிலும் தண்ணீர் தித்தித்தது.

அவர் உலகம்மை வீட்டுக்கு வந்தபோது ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் சுக்குக் கருப்பட்டிப் பொட்டலம்.

"தாயி, எடுத்துக்கிடுங்க. வெட்டிர வேண்டியதுதான். எந்தப் பக்கம் போனாலும் நல்ல தண்ணி. நாங்கதான் இத்தனை காலம் தெரியாம இருந்திருக்கோம்."

உலகம்மை ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டாள்.

"கிழக்கேயுமா?"

"கிழக்கேயும் தாயி. கடலு காலடியில கெடக்கு, தண்ணி என்னமோ கல்கண்டு."

"யாரு எறச்சுக் குடுத்தா?"

"உள்ள போயி எடுத்துட்டு வந்தாவ."

"கயிறு நனைஞ்சிருந்துதா?"

"கயிறா?"

"கிணத்துல வாளி விழுந்த சத்தம் கேட்டுதா அண்ணாச்சி?"

பலவேசம் பொட்டலத்தை மடித்தார்.

"இப்ப நான் உங்க வீட்டுக்கு வாரேன். தண்ணி கேக்கேன். என்ன தண்ணி குடுப்பிய?"

"பனையடிக் கிணத்துத் தண்ணி."

"பக்கத்து வீட்டுக் கிணறு கைக்கு எட்டுற தூரத்துல இருக்கே. அதுல மோந்து குடுக்கப்படாதா?"

"வீடு தேடி வந்த ஆளுக்கு உப்புத் தண்ணியா குடுக்க முடியும்?" என்றார் பலவேசம். சொல்லி முடிக்கிறபோது குரல் இறங்கிவிட்டது.

நாலு திசைக்கும் போய் அவர் குடித்ததெல்லாம் பனையடிக் கிணற்றுத் தண்ணீர். சிரிக்காதீங்க. அவர் வீட்டிலும் அப்படித்தான் ஒரு பானை மூடிவைத்திருந்தது. அது அவருக்குத் தெரியாததா? தெரியும். அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. கொடுத்தவர்கள் முகத்தைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார், தண்ணீர் தித்தித்தது, அவ்வளவுதான். மனசு ஏற்கனவே மேற்கே, அண்ணன் வீட்டில் இருக்கிற சந்தனமாரியைக் கூப்பிடப் போய்விட்டது.

"இன்னொரு தடவை போங்க" என்றாள் உலகம்மை. "நீங்களே எறச்சு, நீங்களே குடிங்க."

"எது வரைக்கும் போகணும் தாயி? அதையாவது சொல்லுங்க. இந்தப் பக்கம் எத்தனை தூரம், அந்தப் பக்கம் எத்தனை தூரம்?"

உலகம்மை எழுந்து அடுப்படிக்குப் போனாள். சட்டியில் எண்ணெய் விட்டு நெத்திலிக் கருவாட்டை அள்ளிப் போட்டாள். சாயங்காலக் கடல்காற்று வீசிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, கைநிறைய பனங்கொட்டை எடுத்துக்கிடுங்க. வெளிய போயி நாலு பக்கமும் நடங்க. எந்த இடத்துல கருவாட்டு வாசம் நிக்குதோ அந்த இடத்துல ஒரு கொட்டையைப் போட்டுட்டு வாங்க."

பலவேசம் போனார். கிழக்கே வேலியைத் தாண்டியதுமே வாசம் நின்றுவிட்டது. ஒரு கொட்டையைப் போட்டார். வடக்கிலும் தெற்கிலும் கொஞ்ச தூரம் வந்தது. மேற்கே போனார், போனார், குளத்தங்கரை வரைக்கும் வாசம் கூடவே வந்தது. பசி வந்துவிட்டது. கடைசிக் கொட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது உலகம்மை சோறு போட்டு வைத்திருந்தாள்.

"கிழக்க வேலியோட சரி. மேக்க குளம் வரைக்கும் வருது."

"குளத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறவன்கிட்ட போயி, உலகம்மை வீட்டுல இன்னைக்கு என்ன கறின்னு கேட்டா?"

"அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் வீட்டுக் கறியைத்தான் சொல்லுவான்."

"அவன் சொன்னதை நான் சமைச்சேன்னு எடுத்துக்கிடலாமா?"

"அது எப்படி?"

"சாப்பிடுங்க" என்றாள் உலகம்மை.

பலவேசம் பாதிச் சோற்றில் கையை நிறுத்தினார்.

"காத்துக்கு ஒரு வழி இருக்கு, சரி. மண்ணுக்கு அடியில தண்ணி எந்த வழியாப் போகுதுன்னு நான் எப்படிக் கண்டேன்?"

"உங்க வீட்டுப் பக்கம் மழைத்தண்ணி எந்த வழியா ஓடும்?"

"வடக்க இருந்து தெக்க. எங்க வாசலை ஒட்டி ஒரு பழைய ஓடை கெடக்கு. மணல் மூடிட்டு. மழை விழுந்தா இப்பவும் அந்த வழியாத்தான் ஈரம் கசியும்."

"கண்டிருக்கியளே" என்றாள். "இன்னும் ரெண்டு கருவாடு போடட்டா?"

இந்தத் தடவை பலவேசம் அவசரப்படவில்லை. சொந்தமாக ஒரு வாளியும் கயிறும் எடுத்துக்கொண்டு போனார். ஓடையின் வழியாகவே வடக்கே போனார். அதே வழியில் தெற்கே போனார். தானே இறைத்தார், தானே குடித்தார். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் நேரம் விட்டார். திரும்பி வந்து உலகம்மை வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, நடுவில் ஒரு சிப்பியை வைத்தார்.

"இது என் வாசல் தாயி."

சுற்றிலும், ஒரு கிணற்றுக்கு ஒன்றாக, பனங்கொட்டைகளை வைத்தார். அவை வடக்கும் தெற்குமாக நீளவாக்கில் விழுந்தன. கிழக்கே ஒன்றும் இல்லை. மேற்கே பக்கத்தில் ஒன்றும் இல்லை. உலகம்மைக்கு முகம் மலர்ந்தது.

"வடக்க கோயில் கிணறு எப்படி இருக்கு?"

"லேசாக் கரிக்கு."

"தெக்க?"

"அதுவும் லேசாத்தான்."

"லேசான்னா? அதுல பருப்பு வேகுமா?"

பலவேசம் யோசித்தார். "வேகாதுன்னு சொன்னாவ."

"அதைச் சொல்லுங்க. லேசுன்னா எனக்கு என்ன தெரியும்?" அவள் குனிந்து சிப்பிக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். "இங்க ஒரு கிணறு இருக்கணுமே. பக்கத்து வீட்டுக் கிணறு. வேலிக்கு அந்தப் பக்கம். அது எங்க?"

"அரியமுத்து கிணறா? அது வேண்டாம் தாயி."

"ஏன்?"

"அவனுக்கும் எனக்கும் பேச்சு கெடையாது."

"என்னத்துக்கு?"

"என் முருங்கைக் கொப்பு வேலிக்கு அந்தப் பக்கம் சாஞ்சுது. வெட்டிட்டான். கேக்காம வெட்டிட்டான்."

"சரி. உங்களுக்கும் அவருக்கும் பேச்சு இல்ல. உங்க மண்ணுக்கும் அவர் மண்ணுக்கும்?"

பலவேசம் சிப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உலகம்மையின் கண் அங்கிருந்து மேற்கே போனது. எல்லாக் கொட்டைக்கும் வெகு தூரத்தில், முற்றத்தின் ஓரத்தில், கிட்டத்தட்ட சுவரை ஒட்டி ஒரு கொட்டை தனியாகக் கிடந்தது.

"அது கைதவறி விழுந்ததா?"

"இல்ல தாயி. வச்சதுதான்."

"எந்தக் கிணறு?"

"புளியடிக்குளத்துக் கிணறு."

"அது எங்க இருக்கு?"

"மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம். ரெண்டு ஊரு தள்ளி. செம்மண் காடு."

"உங்க வாசலுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு மேடு, ரெண்டு குளம். ஓடை அந்தப் பக்கமே போகல. அது எதுக்கு உள்ள வந்துது?"

"நல்ல தண்ணி தாயி."

"உலகத்துல நல்ல தண்ணி எத்தனையோ இருக்கு. இது எதுக்கு அண்ணாச்சி?"

முற்றத்தில் கோழி ஒன்று வந்து வடக்கே இருந்த கொட்டையைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. உலகம்மை அதைத் திரும்ப இடத்தில் வைத்தாள்.

"அவ குடிக்கிற தண்ணி" என்றார் பலவேசம்.

"போயிருந்தியளா?"

"போனேன். மத்தியானம். ஆளில்லாத நேரமாப் பாத்து எறச்சுக் குடிச்சிட்டு வந்துருவோம்னு போனேன். அவ நின்னா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. என் கைல வாளி இருந்துது. அவ பாத்தா. அந்த வாளியை வாங்கல. அவ வாளியில எறச்சா. குடிக்கவான்னு கேக்கல, நானும் குடுன்னு சொல்லல. குனிஞ்சு கையைச் சேத்துப் பிடிச்சேன். ஊத்துனா. போதும்னு நான் கையை எடுக்கல, அவளும் நிறுத்தல. வாளி தீந்துட்டு."

"தண்ணி எப்படி இருந்துது?"

பலவேசம் நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியல தாயி."

"குடிச்சியள்லா?"

"குடிச்சேன். என்ன ருசின்னு தெரியல."

"ருசி தெரியாத தண்ணியையா நல்ல தண்ணின்னு இங்க வச்சிய?"

அவர் அந்தக் கொட்டையை எடுத்தார். எடுத்தவர் கீழே போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். உலகம்மையும் போடச் சொல்லவில்லை.

"நாளைக்கு நான் உங்க கூட வாரேன்" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் பலவேசத்தின் வாசலுக்கு வந்தாள். வந்ததும் முதலில் வேலியோரமாகப் போய் நின்றாள்.

"கூப்பிடுங்க" என்றாள்.

பலவேசம் செருமினார். மறுபடி செருமினார்.

"அரியமுத்து" என்றார். குரல் அவர் சட்டைப்பை வரைக்கும்தான் போனது.

"அண்ணாச்சி, கோழிக்குக்கூட கேட்டிருக்காது."

"ஏ, அரியமுத்து!"

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை எழுந்தது.

"யாரு? பலவேசமா? என்னவே, வழி தவறிக் கூப்பிட்டுட்டீரா?"

"உம்ம கிணத்துல ஒரு வாளி தண்ணி வேணும்."

"ரெண்டு வருசமா எம் மூஞ்சி வேண்டாம், இப்ப எந் தண்ணி வேணுமாக்கும்?"

"குடிச்சுப் பாக்கணும்."

"குடிச்சா? அதையா? வே, எங்க வீட்டு எருமை அதைக் குடிச்சிட்டு என்னை முறைக்கு, வே." சொல்லிக்கொண்டே இறைத்துக் கொண்டுவந்து வேலிக்கு மேலே நீட்டினார். "முருங்கைக் கொப்பை வெட்டுனதுக்கு இதுதான் அபராதம்னா நான் ஒண்ணும் சொல்லல. குடியும்."

பலவேசம் குடித்தார். முகம் சுருங்கியது. உலகம்மையும் குடித்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வாங்க, நடப்போம்" என்றாள்.

பனையடிக் கிணற்றை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "அது மேட்டுல நிக்கிற மழைத்தண்ணி, பள்ளத்தைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டாள். ஓடையை ஒட்டியே போனார்கள். கோயில் கிணறு, அதற்கப்பால் இடிந்த தொட்டிக் கிணறு, தெற்கே இரண்டு கிணறு. தெற்கே ஒரே தோட்டத்தில் மூன்று கிணறு அடுத்தடுத்து இருந்தது. பலவேசம் மூன்றுக்கும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். உலகம்மை ஒன்றில் மட்டும் குடித்தாள்.

"மத்த ரெண்டு?" என்றார்.

"உங்க மாமா மவனும் மருமவனும்" என்றாள்.

பலவேசத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வெயில் ஏறின நேரத்தில் வாசலுக்குத் திரும்பி வந்தார்கள். அவர் பனையடிக் கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்து கொடுத்தார். அவள் வாங்கிக் குடித்தாள்.

"நீங்க சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள். "வித்தை கேட்டு வந்தது நீங்கதான. உங்க வாசலுக்கு அடியில என்ன இருக்கு?"

பலவேசம் தரையைப் பார்த்தார். வாசலில் மண் காய்ந்து கிடந்தது.

"வடக்க கரிக்கு. தெக்க அதைவிடக் கொஞ்சம் கூடக் கரிக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் நல்லாவே கரிக்கு." ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "நடுவுல மட்டும் தித்திக்க வழியில்ல தாயி."

"துவைக்கலாம். குளிக்கலாம். மாடு முறைச்சுக்கிட்டே குடிக்கும். மனுசன் குடிக்க முடியாது" என்றாள் உலகம்மை.

"தப்பா இருக்கலாம்லா? ஒருவேளை?"

"இருக்கலாம். வெட்டிப் பாத்தாத்தான் உறுதி. ஆனா என்னைக் கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன். நாளைக்குக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்."

பலவேசம் முருங்கைமரத்தடியில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அவ வரமாட்டா" என்றார்.

"யாரு சொன்னா?"

"அவதான் சொன்னா. நல்ல தண்ணி ஊறுனா வாரேன்னு."

"உங்ககிட்டயா சொன்னா?"

"மச்சான் வந்து சொன்னாரு."

"அவருகிட்ட சந்தனமாரி சொன்னாளா?"

"அவரு வீட்டுக்காரி சொன்னாவளாம்."

"அவகிட்ட சந்தனமாரி சொன்னாளா?"

"சொல்லியிருப்பா."

"சொன்னாளா, சொல்லியிருப்பாளா?"

"ஒரே அடுப்புலதான ரெண்டு பேரும் பொங்குதாவ. சொல்லாமயா இருப்பா?"

"நாத்தனாரும் மதினியும் நல்லாப் பேசிக்கிடுவாவளா?"

பலவேசம் துண்டின் நூலைப் பிரித்தார்.

"அவ்வளவா இல்ல" என்றார்.

"கிணத்தடியில நேருக்கு நேரா நின்னியளே. வாளி தீருற மட்டும் நின்னிய. அப்பக் கேட்டியளா, வாரியான்னு?"

"இல்ல."

"ஏன்?"

"கேட்டு, வரலைன்னு சொல்லிட்டா?"

உலகம்மை அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவர் வந்த முதல் நாளில் பார்த்த மாதிரியே ஒரு பார்வை பார்த்தாள்.

"அண்ணாச்சி, மண்ணுக்கு அடியில கெடக்குற தண்ணிக்கு வாய் கெடையாது. அதனாலதான் ஊரெல்லாம் அலைஞ்சு அக்கம்பக்கத்தைக் கேட்டோம். சந்தனமாரிக்கு வாய் இருக்குல்லா?"

பலவேசம் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். வாளியை எடுத்தார், வேண்டாம் என்று திரும்ப வைத்தார். வெறுங்கையோடு, மணல்மேட்டைத் தாண்டிப் புளியடிக்குளத்துக்குப் போகிற வழியில் நடக்க ஆரம்பித்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

உலகம்மை அவர் தலை மறைகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து வாசலைப் பெருக்கினாள். அரியமுத்துவைக் கூப்பிட்டு, அந்த உப்புத் தண்ணீரில் ஒரு வாளி வாங்கி, வாசல் முழுக்கத் தெளித்தாள்.